பதினெட்டு நொட், கிழக்கிலிருந்து

காலை ஐந்து ஐம்பதுக்கு
இறக்கக்கண்டிப் பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்தி
கைபேசியை இரண்டு தரம் பார்க்கிறேன்.
ஒரு கணிப்பு சொல்கிறது:
கச்சான் மத்தியானத்தோடு ஓயும்.
மற்றது சொல்கிறது: ஓயாது.
இரண்டுக்கும் நடுவில் நான்,
நீந்தத் தெரியாதவள்,
ஒரு சோக்குக் கட்டியோடு.

கொட்டிலின் முன் கரும்பலகை.
அதில் நான் எழுதும் இலக்கத்தைப் பார்த்துத்தான்
நாலரை மீற்றர்ப் பாயா ஆறு மீற்றரா என்று
பையைப் பிரிப்பார்கள்:
பல் டொக்டர் நிமலரூபன்,
பட்டத்தில் தொங்கிப் பறக்கிற நேவிப் பெடியன் சசங்க,
பிராக்கிலிருந்து வந்து
மூன்று கிழமையாய்த் தோல் உரிந்துகொண்டிருக்கும் இருவர்,
உவர்மலையிலிருந்து பஸ்ஸில் வரும்,
என்னைவிட ஏழு வயது இளைய
ஜெசிந்தா ரீச்சர்.

கச்சானைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்.
அது தரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்று.
கரையோரத் தண்ணீரை
ஸ்திரிக்கை போட்ட சீலைபோல் விரித்துவிட்டு
அரை மைல் தள்ளித்தான் பல்லைக் காட்டும்.
கரையில் நிற்பவனுக்கு
அலையின் முதுகு மட்டும் தெரியும்.
முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால்
போகவேண்டும்.
போனவன் திரும்புவது
அவன் கையில் இல்லை.

மே இருபத்தேழு.
சீனன்குடாவில் எட்டு மணிக்கே முப்பத்திரண்டு பாகை.
நிலம் இப்படிச் சுட்டால் கடற்காற்று உள்ளே வரும்,
வந்தாகவேண்டும்.
எழுதினேன்:
இரண்டு மணி. கிழக்கு. பதினெட்டு நொட்.
பதினெட்டுக்குக் கீழே கோடு வேறு இழுத்தேன்.
அந்தக் கோட்டை நினைத்தால்
இன்றைக்கும் காது சுடும்.

ஒரு மணிக்குக் கொடியில் போட்ட துவாய்
இருபது நிமிடத்தில் அப்பளம்.
நான் அதைக் கவனித்திருக்கவேண்டும்.
இரண்டு மணிக்கு அடிவானத்தில் ஒரு கறுப்புக் கோடு,
கிட்ட வர வரத் தண்ணீருக்கு மயிர் சிலிர்த்தது.
"வருகுது!" என்று நானே கத்தினேன்.
ஐந்து நிமிடம்.
உண்மையாகவே கிழக்கு, உண்மையாகவே பதினெட்டு.
பிறகு,
வாடகைக்கு வந்தவளைத் தள்ளிக்கொண்டு
வீட்டுக்காரன் நுழைகிற மாதிரி
கச்சான் திரும்பி வந்தது. இருபத்தாறு.

அந்த ஐந்து நிமிடத்தை நம்பி
ஜெசிந்தா ரீச்சர்
ஆறு மீற்றர்ப் பாயோடு வெளியே போயிருந்தா.

நௌசாத்தின் வள்ளம் திரும்பிவர நாற்பது நிமிடம்.
நாற்பதையும் எண்ணினேன்.
எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது.
டொக்டர் பக்கத்தில் வந்து நின்றார்,
ஒன்றும் சொல்லவில்லை,
அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

புறாமலைக்கு அப்பால்
பாயைச் சுருட்டி நெஞ்சுக்குக் கீழே வைத்து
பலகையில் குப்புறப் படுத்திருந்தாவாம்.
"பயந்திட்டீங்களா ரீச்சர்?"
"ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானத் தாள் திருத்திறதுக்கு
இது பரவாயில்லை, நௌசாத்."

கரை ஏறி வந்தவ என்னைப் பார்க்கவில்லை.
கரும்பலகையைப் பார்த்தா.
உதடு வெடித்து இரத்தம் கசிந்தபடி,
உப்புக் காய்ந்த விரலால் சோக்கை எடுத்து
என் பதினெட்டுக்குப் பக்கத்தில்
பாதிச் சரி ஒன்று போட்டா.
"திசை சரி. வேகமும் சரி.
எவ்வளவு நேரம் எண்டு எழுதேல்ல."

இப்போது பலகையில் இரண்டு பத்தி.
சொன்னது. வந்தது.
மழை வந்தால் இரண்டும் சேர்ந்து அழியும்,
மற்றபடி நான் துடைப்பதில்லை.
அந்தப் பாதிச் சரியைச் சுற்றித்தான்
மற்ற இலக்கங்களுக்கு இடம் தேடுகிறேன்.

"நாளைக்கு எப்பிடி?"
"பத்தில் ஆறு பங்கு கிழக்கு.
வந்தாலும் ஒரு மணித்தியாலம்தான் நிற்கும்."
டொக்டருக்கு இது பிடிக்கவில்லை.
"பல்லைப் பற்றி நான் இப்பிடிச் சொன்னால்
ஆர் வாயைத் திறப்பினம்?"

மறுநாள் முதலில் வருகிறவர் அவர்தான்,
நாலரையும் ஆறும்
இரண்டையும் தோளில் காவிக்கொண்டு.
தண்ணீர்த்தாங்கியின் மேல்
நாலு சின்னக் குவளைகள் சுற்றுகின்றன.
ஏழு நொட்.
இப்போதைக்கு ஏழு.